மரியஜான் ஓடாவி தைத்த கார்

கடியபட்டணத்தில் வள்ளம் கட்ட மூன்று ஓடாவிகள் இருந்தார்கள். இரண்டு பேர் சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பார்கள். மரியஜான் கொடுக்க மாட்டார். பலகையை ஒரு தடவை வைத்துப் பார்ப்பார், எடுப்பார், இழைப்பார், மறுபடியும் வைப்பார். இரண்டு பலகைக்கு நடுவே ஒரு தலைமுடி நுழைந்தால் போதும், அன்றைக்குச் செய்த வேலை அத்தனையும் பிரிந்து மணலுக்கு வந்துவிடும். வள்ளக்காரன் பக்கத்தில் குத்தவைத்துக் கெஞ்சுவான்.

"ஓடாவி, கடலுன்னா வெள்ளம் இருக்கத்தானே செய்யும். ரெண்டு சொட்டு உள்ள வந்தா என்ன?"

"அப்ப நீ நீந்திப் போ. வள்ளம் எதுக்கு?" என்பார் மரியஜான், தலையைத் தூக்காமல்.

ஆணி இல்லாத வேலை அது. பலகை ஓரங்களில் துளை போட்டு, கயிற்றை இழுத்துப் பலகையோடு பலகையைச் சேர்த்துத் தைக்க வேண்டும். தையலுக்குள் தேங்காய் நாரைத் திணித்து, குங்கிலியம் காய்ச்சி ஊற்றி, மேலே சாளைமீன் எண்ணெயைத் தேய்ப்பார்கள். அலை ஓங்கி அடிக்கும்போது அப்படித் தைத்த வள்ளம் கொஞ்சம் நெளிந்து கொடுக்கும். அந்த நெளிவு எவ்வளவு இருக்கலாம் என்பதில்தான் ஓடாவிக்கு ஓடாவி வித்தியாசம். மரியஜானுக்கு அதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. உடைந்து ஒதுங்கிய வள்ளங்களைப் பிரித்துப் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டார்.

அவருக்கு இன்னொரு பிடிவாதமும் உண்டு. புது வள்ளம் இறங்கும் நாளில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும், வள்ளக்காரனுக்கு முன்னால் இவர் ஏறி உட்கார்ந்துவிடுவார். அலை உடையும் அலைவாயைத் தாண்டி, வெளியே ஒரு சுற்று சுற்றி, மறுபடி கரை பிடித்த பிறகுதான் இறங்குவார். கட்டினவன் நனையாத வள்ளத்தைக் கைமாற்றக் கூடாது என்பது அந்தத் துறையின் ஓடாவிகளுக்குள் வழக்கம். மற்ற இருவரும் பேருக்கு ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு இறங்கிவிடுவார்கள்.

1951-இல் அவருக்கு நாற்பது தாண்டியிருந்தது. அதுவரை அவர் எந்த மோட்டார் வண்டிக்குள்ளும் உட்கார்ந்ததில்லை. உட்கார ஆசையும் இருந்ததில்லை. அந்த வருடம் மாசியில் அவர் மனைவி செசிலியின் கால் முட்டி போனது.

செசிலி தக்கலைச் சந்தையில் மீன் விற்பவள். விடிய முன்னமே கரையில் மீன் எடுத்து, கடவம் என்னும் ஓலைக்கூடையில் அடுக்கித் தலையில் தூக்கி, ஓட்டமும் நடையுமாகத் திங்கள்சந்தை, இரணியல் எல்லாம் தாண்டித் தக்கலைக்குப் போவாள். சந்தையில் அவளுக்கு இடம் புளிமூட்டில், புளியமரத்தடியில். நிழல் உள்ள இடம் அது ஒன்றுதான்; வெயில் ஏறினாலும் மீன் சாயம் போகாது. அந்த இடத்தை யாரும் அவளுக்குத் தானமாகத் தரவில்லை. முதல் வருடம் ஓடைக்கரையில்தான் உட்கார வைத்தார்கள். வாரத்துக்கு ஒரு சண்டை போட்டு, ஒவ்வொரு முழமாக நகர்ந்து, கடைசியில் புளியின் வேர்மேல் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "இனி என்ன எழுப்பணும்னா மரத்தையும் சேத்துதான் பிடுங்கணும்" என்றாள்.

மாசி மாதம் ஒரு நாள் உடம்பு முடியாமல் பஸ்ஸில் ஏறிப் பார்த்தாள். மீன் கடவத்தைப் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள் என்பது தெரியும். ஓலையை மூடிக் கட்டிக்கொண்டு கடைசியில் போய் ஒடுங்கி நின்றாள். இரண்டாவது நிறுத்தத்தில் கண்டக்டர் மோப்பம் பிடித்தான். "இது மனுசன் போற வண்டியாக்கும்" என்று கடவத்தை இழுத்துக் கீழே வைத்து விசில் ஊதிவிட்டான். நகர்ந்த வண்டியிலிருந்து கடவத்தைப் பார்த்துக் குதித்தாள் செசிலி. முட்டி திரும்பியது. வைத்தியர் எண்ணெய் போட்டுக் கட்டினார். நடக்கலாம், தலையில் சுமை கூடாது என்றுவிட்டார்.

சந்தைக் குத்தகைக்காரர் தாணுலிங்கம் மோசமான மனிதர் இல்லை. ஆள் அனுப்பி விசாரித்தார். ஆனால் நிழலுள்ள இடத்துக்குப் பத்துப் பேர் கேட்டு நிற்கும்போது அவரும் எத்தனை நாள் காலியாகப் போட்டுவைப்பார்? "ஆனி ஆடி மழை கழியட்டும். ஆவணி முதல் சந்தைக்கு, மணி அடிக்குமுன்ன வந்து இருந்தாண்ணா எடம் அவளுக்கு. இல்லேண்ணா நான் வேற ஆளை இருத்திருவேன், பொறவு எங்கிட்ட கோவப்படப்பிடாது" என்று சொல்லியனுப்பினார்.

செசிலி அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. வீட்டில் அவள் பேசாமல் இருந்தது அதுதான் முதல் தடவை. மரியஜானுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை.

சித்திரையில் அவர் வள்ளத்துக்கு அயனி மரத்தடி பார்க்கக் குலசேகரம் போனார். அங்கே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் வெட்டுக்கு நின்ற மரங்களைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ரப்பர் ஷீட் புகைபோடும் புரைக்குப் பின்னால் ஒரு கார் கிடப்பதைப் பார்த்தார். கூரையில் கோழிகள். முன்பக்கத்தில் ஒன்றோடொன்று கோத்த நாலு இரும்பு வளையங்கள், பெண்கள் கழற்றி வைத்த வளையல்போல.

"சாயிப்புக்க வண்டியாக்கும்" என்றார் எஸ்டேட் கணக்கப்பிள்ளை கோலப்பன். "ஜெர்மன்காரன். சண்டை தொடங்கின ஒடனே போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. சாவியைக்கூட அதுலயே விட்டுட்டுப் போனான். பன்னெண்டு மழை நனைஞ்சாச்சு. எவனும் சீண்டல்ல."

மரியஜான் கதவில் கைவைத்தார். கட்டைவிரல் உள்ளே போய்விட்டது. இழுத்துப் பார்த்தார், விரலோடு கறையான் அரித்த தூள் வந்தது. மேலே தோல்போல ஒரு துணி, அதற்கு அடியில் மெல்லிய பலகை, அதற்கும் அடியில் மரச்சட்டம். அவர் வண்டியைச் சுற்றி வந்தார். கூரை மரம். முதுகு மரம். கதவு மரம். குனிந்து அடியில் பார்த்தார். அங்கே மட்டும் நல்ல கனத்த இரும்புச் சட்டம், அதன்மேல் எஞ்சின்.

"பிள்ளே, இது காரில்ல. ஏராவுக்குமேல கட்டின வள்ளம்" என்றார்.

வள்ளத்தின் அடிமரத்துக்குத்தான் ஏரா என்று பேர். கோலப்பனுக்கு அது விளங்கவில்லை. ஆனால் எஸ்டேட்டுக்கு ஆற்றைக் கடந்து ரப்பர் பால் கொண்டுவர ஒரு தோணி தேவைப்பட்டது அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது. மரியஜான் தோணி கட்டித் தருவது, எஸ்டேட் காரைத் தருவது என்று பேச்சு முடிந்தது. தோணியை அவர் வழக்கம்போலப் பிரித்துப் பிரித்துக் கட்டினார். கோலப்பன் தலையில் கைவைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் மரியஜானே முதலில் ஆற்றைக் கடந்து திரும்பி வந்து, காரைக் காளைகள் பூட்டிக் கட்டி இழுத்துக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டார்.

கடியபட்டணம் அதைச் சும்மா விடவில்லை.

"மாட்டுவண்டி கண்டிருக்கேன், மோட்டார் வண்டி கண்டிருக்கேன். ஓடாவி ரெண்டையும் சேத்துத் தச்சிட்டாரே!"

"கோழி முட்டையும் சேத்துத் தந்தானா மாப்ள?"

செசிலி நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். காரைப் பார்த்தாள், புருசனைப் பார்த்தாள்.

"இது என்ன?"

"ஒன்னத் தக்கலைக்குக் கொண்டுபோற வண்டி."

"இதுலயா? சந்தைக்குப் போய்ச் சேருமுன்ன என்னக் கல்லறைக்குக் கொண்டு போயிராதா?"

ஆனாலும் அவள் அன்று சாயந்தரம் அடுப்படியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தது கேட்டது. மரியஜானுக்கு அதுவே பாதி வேலை முடிந்த மாதிரி இருந்தது.

எஞ்சினுக்குச் சிலுவை வந்தான். செசிலியின் தம்பி, சண்டைக் காலத்தில் பர்மா எல்லையில் பட்டாளத்து லாரி ஓட்டினவன். வண்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சீட்டி அடித்தான். "ரெண்டே சிலிண்டரு மச்சான். எண்ணெய் ஊத்தத் தனியா எடமே இல்ல. பெட்ரோல்ல கலந்து குடுக்கணும், கைப்பிள்ளைக்கு மருந்து குடுக்க மாதிரி. பொறவு இன்னொண்ணு. லாரியப் பின்சக்கரம் தள்ளும். இத முன்சக்கரமாக்கும் இழுக்கும்."

"மாடு மாதிரி."

"ஆமா, மாடு மாதிரி."

அந்தப் பேச்சு அதோடு நின்றது. பின்னால் அதை நினைத்து இரண்டு பேரும் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. சிலுவை மண்ணெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் சிரட்டையில் கலந்து உள்ளே ஊற்றி ஊறவிட்டான். தினமும் காலையில் வந்து சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுவான். அசையாது. மறுபடி ஊற்றுவான். வைகாசி முடியும்போது ஒரு நாள் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்டது. சக்கரம் ஒரு விரல் திரும்பியது. சிலுவை போட்ட கூச்சலில் கடற்கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்தவர்கள் யாருக்கோ பாம்பு கடித்துவிட்டது என்று ஓடிவந்தார்கள்.

இதற்குள் மரியஜான் உளுத்த மரத்தை ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, மணலில் அது இருந்த வரிசையிலேயே பரப்பி வைத்திருந்தார். பாதித் துண்டுகள் தொட்டாலே உதிரும். அவற்றைத் தொடாமல் சுற்றிக் கரியால் கோடு இழுத்து, கோட்டைப் பார்த்துப் புதுச் சட்டம் அறுத்தார். முதல் தடவை அவரும் ஊர் வழக்கத்துக்குக் கட்டுப்பட்டார். காரென்றால் ஆணியும் திருகும்தானே என்று சிலுவை சொன்னபடி திருகாணி போட்டு முடுக்கினார். பார்க்க ஒழுங்காகத்தான் இருந்தது. சிலுவை எஞ்சினைக் கிளப்பி ஊர் ரோட்டில் ஒரு தடவை ஓட்டிவந்தான். குண்டும் குழியுமான ரோட்டில் சட்டம் ஒரு பக்கம் இழுக்க, பலகை இன்னொரு பக்கம் இழுக்க, திரும்பி வருவதற்குள் திருகு போட்ட இடமெல்லாம் விண்டுவிட்டது. ஒரு கதவு ரோட்டிலேயே கிடந்தது.

மரியஜான் அந்தக் கதவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "ரோடும் கடலு மாதிரிதான் கெடக்கு. இதையும் தைக்கணும்" என்றார்.

"காரையா? தைக்கவா?"

"வேற எத?"

ஆனி மழை முழுக்க ஓலைப்புரைக்குள் அந்த வேலை நடந்தது. அயனிப் பலகையை வள்ளத்துக்கு இழைப்பதைவிட மெல்லியதாக இழைத்தார். நனைத்து, நெருப்பின்மேல் காட்டி, சூட்டோடு சூடாக வளைத்துக் கல் வைத்து நிறுத்தினார். பிறகு துளை, பிறகு கயிறு. கூரையும் முதுகும் சேரும் இடத்தில் மூன்று தடவை பிரித்துத் தைத்தார். இரும்புச் சட்டத்தில் பலகை உட்காரும் இடத்தில் கயிற்றையே திரித்து மெத்தைபோல வைத்தார். வெளியே, பழைய பாய்மரத் துணியை மரப்பட்டைச் சாயத்தில் முக்கி இழுத்துப் போர்த்தினார். காவி நிறத்தில் பளபளவென்று வந்தது. அந்தத் தையல் அப்படியொரு தையல். ஐம்பத்தாறில் நம் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோதும் அந்த வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. துணி மூன்று தடவை மாறியிருந்தது, பலகை மாறவில்லை.

பின் இருக்கையை எடுத்துவிட்டு அங்கே மீனுக்கு ஒரு பெட்டி கட்டினார். வெள்ளம் வடிய அடியில் துளை, துளைக்கு மரக்கட்டை அடைப்பு. அதை எங்கே வைப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. வள்ளத்தில் அணியம், அதாவது முன்முனை, லேசாக இருக்க வேண்டும். அப்போதுதான் அலைமேல் ஏறும். அணியம் கனத்தால் அலைக்குள் குத்திவிடும். ஆகவே பாரம் எல்லாம் கடைசிக்கும் கடைசியில். அங்கேதான் பெட்டியை வைத்துத் தைத்தார். மீன் ஏற்ற வசதியாக, முதுகில் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கதவு போட்டார். ஆளேறி நிற்க ஒரு படிப்பலகையும் போட்டார். லாரியிலும் பாரம் பின்னால்தானே என்று சிலுவையும் தலையாட்டினான்.

கடைசியாகச் சாளை எண்ணெய். மரம் என்றால் சாளை எண்ணெய் தேய்க்க வேண்டும், வேறு எதைத் தேய்ப்பார்? உள்ளும் புறமும் மூன்று பூச்சு. மறுநாள் காலையில் சிலுவை வந்து பார்த்தபோது ஊரில் உள்ள பூனைகள் அத்தனையும் காருக்குள்ளே, மேலே, அடியிலே. ஒன்று ஸ்டியரிங்மேல் படுத்திருந்தது.

"மச்சான், டிரைவரு நானா இந்தப் பூனையா?"

"ரெண்டு பேரும் மீசை வச்சிருக்கிய. எனக்கு எப்பிடித் தெரியும்?"

ஆடி கழிந்து கடல் தெளிந்தது. சாமியார் வந்து, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, வள்ளத்துக்குச் சொல்லும் அதே ஜெபத்தைச் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மரியஜான் வழக்கப்படி முதலில் ஏறிக்கொண்டார். சமதரையில் பெட்டி காலியாக இருக்க, வண்டி ஊரைச் சுற்றி வந்தது. ஒரு தையல்கூட முனகவில்லை.

ஆவணி முதல் சந்தை. கரையில் சாளை குவிந்து கிடந்தது. செசிலி இரண்டு ஆள் சுமக்கும் மீன் எடுத்துப் பெட்டி வழிய நிரப்பினாள். சிலுவை ஓட்ட, அவன் பக்கத்தில் செசிலி. பின்படியில் மரியஜான். கூட வந்த அடுத்த வீட்டுக் கிளாரா, தன் கடவத்தோடு செசிலிக்குப் பின்னால் இருந்த இடுக்கில் மடங்கி உட்கார்ந்தாள். வழி நெடுக நாய்கள் துரத்தி வந்தன. ஓர் ஊர் நாய் எல்லையில் நின்றால் அடுத்த ஊர் நாய் வாங்கிக்கொண்டது. திங்கள்சந்தை தாண்டியது. இரணியல் தாண்டியது. கிளாரா மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்துகொண்டாள். செசிலி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பிறகு சரல்மேடு வந்தது.

செங்கல் நிறச் சரல் கொட்டிய ஏற்றம் அது. ஒடுங்கிய ரோடு, இரண்டு பக்கமும் ஓடை. வண்டி கால்வாசி ஏறியது. பிறகு முன்சக்கரங்கள் சரலை வாரி இறைத்தபடி அதே இடத்தில் சுழன்றன. சிலுவை பிரேக்கை மிதித்தான், வண்டி மெள்ள வழுகிக் கீழே வந்தது. மறுபடி ஓடிவந்து ஏறிப் பார்த்தான். அதே இடம், அதே சுழற்சி. கிளாராவும் மரியஜானும் தள்ளினார்கள். சக்கரம் இவர்கள் காலில் சரலை அடித்ததுதான் மிச்சம்.

"கடவத்துல மாத்தித் தலைச்சுமையா மேல கொண்டு போவோமா?" என்றாள் கிளாரா.

"தலையில சொமந்துதான் போணும்னா நான் ஏன் இதுல வந்தேன்?" என்றாள் செசிலி. "மணி அடிச்சிருவான். எனக்க எடம் போச்சு."

மரியஜான் குனிந்து முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரம் தரையை ஒட்டி நின்றது, ஆனால் அழுத்தி நிற்கவில்லை. வண்டியின் மூக்கு வானத்தைப் பார்த்திருந்தது. அலைமேல் ஏறும் வள்ளத்தின் அணியம்போல அழகாக. அவர் கட்டினபடியே. அவர் எழுந்து நின்றார்.

"சிலுவை, இழுக்குறது முன்சக்கரம். பாரம் முழுக்க நான் பின்னால கொண்டு வச்சிருக்கேன். மாட்ட வானத்துல தூக்கிப் பிடிச்சுகிட்டு இழு இழுன்னா அது எப்பிடி இழுக்கும்?"

"மச்சான், அத இப்பம் சொல்லி?"

"தப்பு எனக்கது. மூணு மாசம் அளந்து அளந்து பிழையாக் கட்டியிருக்கேன்." அவர் ஏற்றத்தை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அலை பெலமா இருக்குற நாள்ல வள்ளத்த எப்பிடிக் கரையேத்துவோம்?"

சிலுவை யோசித்தான். "திருப்பி. அணியத்தக் கடலுக்குக் காட்டி, பின்னாலே பின்னாலே..."

அவன் வாய் திறந்தபடி நின்றது.

"திருப்பு" என்றார் மரியஜான். "ஏற்றத்துல பாரம் தாழ்ந்த பக்கம்தான் சாயும். அணியம் கீழ இருந்தா, பாரம் அதுக்குமேல வந்து இருக்கும். சக்கரம் பிடிக்கும்."

அடிவாரத்தில் வண்டியைத் திருப்பினார்கள். மரியஜான் பின்படியில் ஏறி மேட்டைப் பார்த்து நின்றார். சிலுவைக்குப் பின்னால் ஒன்றும் தெரியாது, பெட்டியும் பலகையும்தான். "நான் சொல்லுத பக்கம் ஸ்டியரிங்க ஒடி" என்றார் மரியஜான். பின்கியர் விழுந்தது. வண்டி சரலை நறநறவென்று கடித்துக்கொண்டு ஏறியது. ஒரு வழுக்கல் இல்லை.

"வலத்தே!" என்று கத்தினார்.

சிலுவை வலது பக்கம் திருப்பினான். வண்டி நேராக ஓடைக்குப் போனது. பின்சக்கரம் விளிம்பில் நின்றுவிட்டது.

"ஏலே, வலத்தேன்னு சொன்னேன்!"

"எனக்க வலது இதுதான் மச்சான்! நான் கீழ பாத்துல்லா இருக்கேன்! நீங்க மேல பாத்து நிக்கிய!"

அப்போதுதான் அடிவாரத்தில் ஹாரன் கேட்டது. தக்கலை பஸ். ரோட்டில் ஒதுங்க இடமில்லை. பஸ் ஏறிவந்து, காரின் மூக்குக்கு நேரே, கொஞ்சம் தள்ளிக் கீழே நின்றது. படியில் தொங்கியபடி கண்டக்டர் எட்டிப் பார்த்தான். செசிலிக்கு அவனை அடையாளம் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்தது.

"என்னம்மா, காருக்கும் முட்டி போயிட்டா?" என்றான். பஸ்ஸுக்குள் சிரிப்பு.

செசிலி திரும்பாமல், பின்னால் இருக்கும் புருசனுக்குக் கேட்கும்படி கத்தினாள். "இடதும் வலதும் எதுக்கு? கடலுல எப்பிடிச் சொல்லுவிய? அப்பிடிச் சொல்லுங்க!"

மரியஜான் சிரித்துவிட்டார். கடலில் யாரும் இடம் வலம் சொல்வதில்லை. கிழக்குக் காற்று கொண்டல், மேற்குக் காற்று கச்சான். ஆள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் காற்று இடம் மாறாது. மேடு வடக்கே ஏறுகிறது. வலது ஓடை கொண்டல், இடது ஓடை கச்சான்.

"சிலுவை! முதல்ல கீழ எறக்கி நேராக்கு. பொறவு கொண்டலுக்கு ஒடி!"

அதற்குமேல் சிலுவைக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சின்ன வயதில் வள்ளத்தில் கேட்ட சொல் காதில் விழுந்ததும் கை தானாகத் திரும்பியது. "கொண்டலுக்கு ஒரு விரல்... போதும்... இனி நேரே... கச்சானுக்கு... கச்சானுக்கு!" வண்டி மேட்டில் பின்னோக்கி ஏறியது. கிளாரா முன்சக்கரத்துக்குக் கல் வைப்பதற்காக, ஒரு கருங்கல்லைக் கையில் ஏந்தியபடி காரின் மூக்குக்கு முன்னால் நடந்தாள். அவளுக்கு எதிரே பஸ். அவளை இடிக்காமல் பஸ் ஊர்ந்துதான் வர முடியும். ஆக, காரும் பஸ்ஸும் முகத்துக்கு முகம் பார்த்தபடி சரல்மேட்டில் ஏறின.

"ஏய், ஓரங்கட்டு! எங்களுக்கு நேரமாவுது!" என்றான் கண்டக்டர்.

"அண்ணைக்கு எங்களுக்கும் நேரமாச்சு" என்றாள் கிளாரா, கல்லை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு.

செசிலி முன்கண்ணாடிக்குப் பின்னால் மடியில் கை வைத்துக்கொண்டு கண்டக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் முதலில் விசில் ஊதினான். பிறகு ஹாரன் அடிக்கச் சொன்னான். பிறகு ஓடையைப் பார்த்தான், ஆகாயத்தைப் பார்த்தான். எங்கே பார்த்துவிட்டுத் திரும்பினாலும் அவள் கண் அங்கேயே இருந்தது. பஸ்ஸுக்குள் சிரித்தவர்கள் இப்போது சன்னல் வழியே தலையை நீட்டி, "விடாத, ஏத்து! ஏத்து!" என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள். கடைசி வளைவில் பஸ் டிரைவரே சிரித்துவிட்டான். கண்டக்டர் உள்ளே போய்விட்டான்.

மேட்டின் உச்சியில் சிலுவை வண்டியைத் திருப்பப் போனான்.

"திருப்பாதடா" என்றாள் செசிலி. "இப்பிடியே போ. பெட்டி நேரே புளிமூட்டுக்கு வரட்டும்."

அப்படியே போனார்கள். தக்கலைச் சந்தைக்குள் ஒரு காவி நிறக் கார் முதுகைக் காட்டிக்கொண்டு நுழைந்தது. பின்படியில் ஒரு மனிதர் காற்றின் பேரைச் சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். பின்னால் நாய்கள். காய்கறிக்காரர்கள் கூடையை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். புளிமூட்டில் குளச்சலிலிருந்து வந்த விக்டோரியா என்பவள் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். தாணுலிங்கம் மணியைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்காமல் நின்றார்.

செசிலி இறங்கினாள். நொண்டிக்கொண்டு நடந்து போய் மரத்தடியில் நின்றாள்.

"எந்திரிட்டி."

"மொதலாளியாக்கும் எனக்குத் தந்தது" என்றாள் விக்டோரியா.

தாணுலிங்கம் மணியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "மணி அடிக்கல்ல பிள்ளே. நான் சொன்ன வாக்கு சொன்னதுதான். எடம் அவளுக்கது." என்றுவிட்டு, ஊருக்கே கேட்கும்படி மணியை அடித்தார்.

விக்டோரியா முகம் சுண்டிப்போய்ச் சாக்கைச் சுருட்டினாள். செசிலி புளியின் வேர்மேல் உட்கார்ந்து, வலியுள்ள காலை நீட்டிக்கொண்டாள். விக்டோரியா ஓடைக்கரைப் பக்கம் நடப்பதைப் பார்த்தாள்.

"ஏட்டி, அங்க எங்க போற? மீன் வெந்துபோவும். இந்தா, இந்தப் பக்கமா நீங்கி இரு. சாளை நான் விக்கேன், நீ நெத்திலிய மட்டும் வையி."

மரியஜான் பெட்டிக் கதவைத் திறந்தார். சாளை வெள்ளி வெள்ளியாகச் சரிந்தது. ஆறு மாதமாகச் சந்தை கேட்காத செசிலியின் குரல், காய்கறிக்காரர், கருப்பட்டிக்காரர், பாத்திரக்காரர் எல்லார் குரலுக்கும் மேலே எழுந்தது. சிலுவை ஒரு காப்பிக் கடையைத் தேடிப் போனான். திரும்பி வந்து பார்த்தால், மச்சான் காலியான பெட்டிக்குள் மடங்கி உட்கார்ந்து, உளிமுனையால் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன செய்யிறிய? வீட்டுக்குப் போணும்லா?"

"போலாம். இந்த ரெண்டு வரியையும் இப்பமே எடுத்துட்டா ராவுலயே பெட்டிய முன்னுக்கு நகத்திரலாம். டிரைவருக்க முதுகோட ஒட்டி. ஆணியா இருந்தா இப்பம் பலகை பிளந்திருக்கும்." கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்து இழுத்தார். "முன்னால அகலம் கூடுதல். அளந்து பாத்தேன். ரெண்டு பேரு மீன் இல்ல, நாலு பேரு மீன் கொள்ளும்."

"நாலு பேரா? யாரு?"

மரியஜான் புளிமூட்டைப் பார்த்துத் தாடையை நீட்டினார். அங்கே கிளாரா, கையை வீசி வீசி, சரல்மேட்டுக் கதையைச் சுற்றி நின்ற மீன்காரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். செசிலி மீனை எண்ணிப் போட்டபடியே, அடுத்த சந்தைக்கு யார் யார் வருவது, யார் எங்கே உட்காருவது என்று பங்கு பிரித்துக்கொண்டிருந்தாள்.